வாடகைக்கு இருந்தவர்

பர்மாவில், பசுந்தாங்குப் பேட்டையில் எங்கள் கட்டடத்துக்கு ஒரே ஒரு மரப்படி. அதில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதை நான் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த மரியாதைதான் என்னை இந்த ஊரிலேயே உட்கார வைத்துவிட்டது. என்றாலும் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் தொழில் சுத்தம். படிக்குக் கீழே, தெருவைப் பார்த்தாற்போல் மிஷின் போட்டுக் கைலி மூட்டுவேன். இங்கே ஆணும் கைலி, பெண்ணும் கைலி. கடையில் வெறும் துணியாகத்தான் கொடுப்பார்கள். வாங்கின கையோடு யாரிடமாவது கொடுத்து மூட்டிக்கொள்ள வேண்டும். நான் மூட்டினால் கோடு கோட்டோடு சேரும், பூ பூவோடு சேரும். தையல் எங்கே என்று தேடித்தான் பிடிக்கணும். சின்ன வயதிலேயே புருஷன் மௌத்தாகிவிட்டார், பிள்ளை இல்லை. வாப்பாவையும் என்னையும் அந்த மிஷின்தான் காப்பாற்றியது. யாரிடமும் போய்க் கை நீட்டி நின்றதில்லை.

சார் என்னிடம் கைலி மூட்ட வந்தவர். ஊரின் அந்தக் கோடியில், அலோன் கப்பல் துறையில் சரக்குக் கணக்கு எடுக்கிற கிளார்க், அங்கேயே ஜாகை. மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். தெருவில் எல்லாரும் அவரை சார் என்றார்கள், நானும் சார் என்றேன், அதுவே கடைசிவரை நின்றுவிட்டது. எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்துக் கிடந்தபோது, ஒரு சாயங்காலம் மூட்டக் கொடுத்த கைலியை வாங்கிப் போக வந்தார். வந்த இடத்தில் தெருமுனையை மரத்தை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். ஊரடங்கு வேறு. அலோனுக்கு எப்படிப் போவது? வாப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். மேலே போய்ச் சொன்னதும் அவர்தான், அந்தப் பிள்ளையை மேலே வரச் சொல்லு, தெருவில் நிறுத்தாதே என்றார்.

வந்தார். மறுநாளும் போக வழியில்லை. வாப்பாவைத் தூக்கி உட்கார்த்த, குளிப்பாட்ட, எனக்கு அதுவரை ஒரு துணை கிடையாது. சார் கேட்காமலே செய்தார். ஊர் அடங்கி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் போகவில்லை. எப்போது போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது.

இங்கே ஒரு வீட்டில் வெளியாள் ராத்தங்கினால் வார்டு ஆபீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால், திடீரென்று வந்து கதவைத் தட்டித் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் வீட்டுக்காரருக்குத்தான் வம்பு. அதனால் வார்டுப் பெரியவரிடம் போனேன். அந்த மாதிரிப் பெரியவர்களை இங்கே லூஜி என்பார்கள். என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, வாடகைக்கு இருக்கிறார், அப்படித்தானே அமாஜீ என்றார். அமாஜீ என்றால் பர்மா பாஷையில் பெரியக்கா. அவர் எனக்கு மரியாதை செய்தார். நானும் ஆமாம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

வாப்பா மௌத்தாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சாரைப் பக்கத்தில் கூப்பிட்டு, கலிமா சொல்லி நம்ம மார்க்கத்துக்கு வந்து என் மகளை நிகாஹ் செய்துகொள் என்றார். சார் அவர் காலடியில் போர்வையை இழுத்துவிட்டார். அப்புறம் சொன்னார்:

"வாப்பா, மனசுல இல்லாததை வாயால சொல்லி உங்க மகளை ஏமாத்த மாட்டேன். அவளையும் கோயிலுக்கு வான்னு கூப்பிட மாட்டேன்."

வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அன்றைக்கும் கஞ்சியை சார் கையால்தான் குடித்தார். எனக்கு அந்த ஆள் மேல் இருந்த மதிப்பு அன்றைக்குத்தான் இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் எழவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார். நான் ஐந்து வேளை தொழுவேன். நோன்பு மாசத்தில் பகலில் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

வெளியே நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்ததில்லை. கடைத்தெருவுக்குப் போனால் அவர் முன்னால் போய்விடுவார், நான் கொஞ்சம் விட்டுப் போவேன். படியில் எதிர்ப்பட்டால், வாங்க சார், சாப்பிட்டாச்சா என்பேன். அவரும், ஆச்சும்மா, என்பார். சாப்பாடு போட்டதே நான்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரி, எங்கள் பூர்வீகக் கடற்கரைப் பக்கத்துக்காரி, என்னை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிறவள், அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். முகத்தில் ஒரு மாற்றம் தெரியாது. சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. வாடகைக்கு இருப்பவரோடு யார் படம் எடுப்பார்கள்?

பத்து வருஷம் போல இப்படியே ஓடியது. துறையில் வேலை வற்றிப்போனது. சார் ஒரு கப்பலில் சாமான் கணக்குப் பார்க்கிற வேலைக்கு ஏறினார். தெற்கே தூரத்து நாடொன்றின் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நின்றபோது இறங்கினவர், திரும்ப ஏறவில்லை. அங்கே இருந்துகொள்ள அவருக்குக் காகிதம் கிடைக்கவே பல வருஷம் ஆயிற்று. இங்கே திரும்பி வரவும் முடியாது. கப்பலை விட்டு ஓடினவர்கள் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். லூஜி ஒருநாள் கணக்கைப் புதுப்பிக்கும்போது, அந்த வாடகைக்காரர் காலி செய்துவிட்டார் போல என்று சொல்லி அவர் பேரை அடித்துவிட்டார்.

தெருமுனையில் நடைபாதையில் மேஜை போட்டு வைத்திருக்கிற டெலிபோன் கடைக்கு அவர் கூப்பிடுவார். கடைக்காரப் பெண் என்னைத் தேடி ஆள் அனுப்புவாள். ஒருநாள் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. இனி நான் உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், நானே ஸ்பான்சர் என்றார். நிகாஹ் இல்லையே, சர்ச்சில் கட்டின காகிதமும் இல்லையே என்றேன். வேண்டாமாம். கல்யாணம் செய்யாவிட்டாலும் ஒரே கூரையின் கீழ் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுக்குப் போதுமாம். அதைச் சுற்றி இருக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே எதைப் பொத்திப் பொத்தி வைத்தோமோ அதுதான் அங்கே கேட்கிற தகுதி.

அந்த நாட்டுத் தூதரகத்தில் என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள். வெள்ளைக்கார அம்மா கேட்க, ஒரு பர்மாப் பையன் எனக்குச் சொன்னான். சேர்ந்து எடுத்த படம் உண்டா? இல்லை. இரண்டு பேர் பேரிலும் ஏதாவது கணக்கு, காகிதம்? இல்லை. அவரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். பால் குடித்தால் வயிறு ஆகாது, இடி இடித்தால் ஜன்னலைச் சாத்தமாட்டார், நின்று பார்ப்பார், கிடங்குச் சத்தத்தில் வலது காது போய்விட்டது, அதனால் நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் படுப்பேன் என்றேன். அந்தப் பையனுக்குக் கன்னம் சிவந்தது. என் வாழ்க்கையில் நான் இன்னொருவரிடம் சொல்லாத வார்த்தை அது. சொல்லும்போது தலையைக் குனியவில்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டார். எங்கள் ஆள் ஒருவர் உங்கள் பக்கத்தில் வந்து விசாரிப்பார் என்றார்.

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லியிருக்கலாம்தான். எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் சொல்லாததை, கதவைத் தட்டி, உட்காரம்மா என்று ஆரம்பித்து? படிக்கட்டே அறிந்த விஷயம், கேட்டால் அறிந்ததைச் சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஒரு காலை நேரம். நான் கீழே மிஷினில் இருந்தேன். பூட்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண், கையில் பைலோடு, என்னைத் தாண்டி மேலே போனாள். என்னை அவளுக்குத் தெரியாது. மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மரப்படியல்லவா, பேச்செல்லாம் அப்படியே கீழே இறங்கி வரும். மூன்றாம் மாடி அமாஜீ வீட்டில் முன்னே இருந்த ஆண்பிள்ளை யார், எங்கே படுப்பார் என்று அந்தப் பெண் கேட்டாள். எதிர்வீட்டுக்காரி நல்ல பர்மா பாஷையில், நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"வாடகைக்கு இருந்தவரும்மா. தங்கமான மனுஷன். பால்கனியிலதான் படுப்பாரு. அந்த அம்மா முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரு."

எனக்குக் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. எழுந்து மேலே ஓடி, அது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால், வெளியாள் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்கியதாகும். அவள் எனக்காகச் சொல்கிற பொய் அது. அடுத்த வீட்டிலும் அதேதான் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டதில்லை. பைலோடு வந்து யார் வீட்டில் யார் படுத்தார் என்று கேட்கிற ஆளுக்கு இந்த ஊரில் வேறு பதில் கிடையாது. அந்தப் பெண் இறங்கி வந்தபோது நான் ஒரு கைலியை மூட்டி முடித்திருந்தேன். கோடு கோணிப் போயிருந்தது. அவள் போன பிறகு எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"லாத்தா, போலீஸ்காரி மாதிரி ஒருத்தி மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்தா. வாயை அடைச்சு அனுப்பிட்டேன்."

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் அந்தக் கோணல் தையலைப் பிரித்துக்கொண்டே, சரிம்மா என்றேன்.

விசா இல்லை என்று வந்த பதிலை சார்தான் டெலிபோனில் படித்துச் சொன்னார். பால்கனி வந்த இடத்தில் நிறுத்தி, அதில் ஒரு பூந்தொட்டி வைக்கவே இடமில்லையே என்று சிரித்தார். பிறகு, இன்னொரு தடவை பதில் சொல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள், நீ அக்கம்பக்கத்தாரிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்றார். அவர் அங்கே எனக்கென்று ஒரு தையல் மிஷின் வாங்கி, ஜன்னல் ஓரத்தில் போட்டு வைத்திருந்தார். அதைத் தினம் துடைக்கிறேன் என்றார். அவரும் கிழவராகிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் இல்லை என்று வந்தால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது.

சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று பல நாள் போனது. கடைசியில் எதிர்வீட்டுக்காரி வடை சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போய் அவள் சமையல்கட்டில் உட்கார்ந்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியை வைக்கவில்லை.

"இதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா லாத்தா?"

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? என்னைப் பெத்த உம்மாவைப் பத்திக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது, தன் வாயால் என்ன கெட்டது என்று. வடை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அவளைத் தேற்றிவிட்டு லூஜியிடம் போனேன். இவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இங்கே வாழ்ந்தார்கள் என்று அவர் ஒரு வரி எழுதி முத்திரை போட்டால் நிற்கும். அவர் டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். வாடகைக்கு இருப்பவர் என்று எழுதினது நான், வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டதும் நான், அத்தனையும் பொய் என்று நானே எப்படி எழுதுவேன் அமாஜீ, என்னை மட்டுமில்லை, உங்களையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் கிடையாது. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்தது படிக்கட்டுதான். எதிர்வீட்டுக்காரி வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். அந்தப் பெண் மறுபடி வரும், வந்தால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று. வந்தாள். இந்தத் தடவை நான் கீழே இருக்கவில்லை, மேலே நடையில் நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும், கேட்பதற்கு முன்பே, ஆமாம் புருஷன் பெண்டாட்டிதான் என்றார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் வந்து, போன தடவை வாடகைக்காரர் என்றீர்களே என்று கேட்டாள். அவளுக்குப் பயம். தன்னால் கெட்டதைத் தானே சரிசெய்ய வேண்டும் என்கிற வேகம். ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிவிட்டாள்.

"கல்யாணமே ஜாம் ஜாம்னு நடந்துச்சும்மா. பிரியாணி போட்டாங்க. நான்தான் பரிமாறினேன்."

அந்தப் பெண் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கல்யாணம் இல்லை என்று தூதரகத்தில் நானே சொல்லி, அது அவள் பைலில் இருக்கிறது. படிக்கட்டில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் நான் அங்கே சொன்னது பொய். இல்லை என்றால் இவள் சொன்னது பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நிகாஹ்வும் இல்லை, பிரியாணியும் இல்லை," என்றேன். "அவர் என் புருஷன்."

அந்த வார்த்தையை அந்தப் படியில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் நல்ல பெண், என் கையைத் தொட்டுவிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் எழுதிக்கொண்டு போவது என்னவென்று எனக்குப் புரிந்தது. இரண்டாவது தடவையும் இல்லை என்றுதான் வந்தது. சாட்சிகள் பேச்சை மாற்றினார்கள், சொல்லிக்கொடுத்த மாதிரிப் பேசினார்கள் என்று அந்தப் பதிலில் இருந்ததாம். சொல்லிக்கொடுத்ததும் நிஜம்தானே.

அதற்குப் பிறகு ஒரு தரகர் வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. பழைய தேதி போட்டு ஒரு நிகாஹ் காகிதம் செய்துவிடலாம், அதை வைத்து முதலிலிருந்து மனுப் போட்டால் கிடைக்கும், அவர் அங்கே கலிமா சொன்னதாக ஒரு எழுத்து மட்டும் வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஆள் எப்படியோ சாரைப் பிடித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் கூப்பிட்டு, செய்துவிடலாம் என்றார். டெலிபோன் கடையில் கூட்டம். முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு காகிதம்தானே. கலிமா சொல்றேன். உள்ளபடி சொல்றேன்னே வச்சுக்க. யாரு வந்து நெஞ்சைத் திறந்து பார்க்கப் போறா?"

"வாப்பா சாகப் போறப்ப கேட்டாரு. அவருக்குச் சொல்லாததை ஆபீசுக்குச் சொல்வீங்களா?"

"அப்ப இளமை. அப்ப நீ பக்கத்துல இருந்தே." அப்புறம், "அப்படின்னா நீ வரமாட்டே," என்றார்.

"வரமாட்டேன்னு சொல்லலை. இப்படி வரமாட்டேன்."

அவர் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்தேன். அப்புறம், கடையில் மீன் என்ன கிடைக்கிறது என்றார். சொன்னேன். அங்கே கிடைக்கிற மீனுக்கு ருசியே இல்லை என்றார். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். புளி ஜாஸ்தி, என்றேன். இனிமேல் குறைத்துப் போடுகிறேன் என்றார்.

என் பாஸ்போர்ட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது. மாற்றவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. சார் அங்கே ஏதாவது சட்டம் மாறுகிறதா என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார். மாறப் போகிறதாம் என்று அவ்வப்போது சொல்வார். மாறட்டும் என்பேன். எதிர்வீட்டுக்காரி இப்போது நடு நடையில் நின்று, உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் லாத்தா, உடம்பு சுகம்தானே என்று கேட்கிறாள். மேல்வீட்டுப் பர்மாக்காரர்கள் கேட்கிறார்கள். லூஜிகூட ஒருநாள் கேட்டார். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து உலை வைக்கிறேன்.